வண்டி சொற்கேளாத வேளை: இளஞ்சாரதிகளுக்கான ஒருநாட் பயிற்சி

வீட்டிலுள்ள பிள்ளைக்குப் பதினாறு, பதினேழு வயதாகிவிட்டால் பெற்றாருக்குப் புதிய பயம் ஒன்று வந்துவிடுகின்றது. காய்ச்சலுக்கும் பாம்புக்கும் பயந்த காலம் போய், வாகனத்துக்குப் பயப்படும் காலம் தொடங்குகின்றது. இடம்பெயர்வினால் எமது குடும்பங்கள் பல இரண்டு, மூன்று நாடுகளிலே சிதறி வாழ்கின்றன. ஒரே வீட்டுப் பேரப்பிள்ளைகளில் ஒருவன் இங்கே மோட்டார் சைக்கிள் வேண்டுமென்று அடம்பிடிக்கிறான். மற்றவன் ரொறன்ரோவிலே தகப்பனிடம் கார்ச் சாவியைக் கேட்கிறான். இருவருக்கும் கையும் காலும் விரைவாக வேலை செய்யும். கண் பார்வையும் கூர்மையானது. அப்படியிருந்தும் வீதி விபத்துகளில் அந்த வயதினர் அதிகமாக அகப்படுவது ஏன்?

இக்கேள்விக்கு விடை காண முயன்றவர்களுள் ஐக்கிய அமெரிக்காவின் கார்க் கழகங்களைச் சேர்ந்த தொண்டர்களும் அடங்குவர். அவர்கள் இளம் சாரதிகளுக்காக ஒருநாட் பயிற்சி முகாம்களை நடத்தி வருகின்றனர். வண்டியைக் கட்டுப்படுத்தும் பயிற்சி என்று இதற்குப் பெயர். அப்பயிற்சியில் என்ன நடக்கின்றது, அதனால் விளையும் நன்மை என்ன, ஆய்வாளர்கள் அதைப் பற்றி எழுப்பியுள்ள பெரிய ஐயம் என்ன என்பவற்றைச் சற்று விரிவாக நோக்குவோம். கார் இல்லாத வீட்டுக்கும் இதில் எடுத்துக்கொள்ளக்கூடிய விடயம் உண்டு.

பதினாறு வயதிற் கார்

அமெரிக்காவின் நாட்டுப்புறங்களில் பஸ் சேவை மிகக் குறைவு. பாடசாலை, கடை, ஆஸ்பத்திரி எல்லாம் பல மைல் தூரத்தில் இருக்கும். ஆகவே பிள்ளைகள் சிறு வயதிலேயே வாகனம் ஓட்டத் தொடங்கிவிடுகின்றனர். பெரும்பாலான மாநிலங்களில் 16 வயதளவில் தனியாக ஓட்டும் அனுமதி கிடைக்கின்றது. கான்சாஸ் போன்ற விவசாய மாநிலத்தில், கமக்காரரின் பிள்ளைகள் பண்ணை வேலைக்காக 14 வயதிலேயே வாகனம் ஓட்டுவதற்கென விசேட அனுமதிப் பத்திரம் ஒன்று உண்டு. கமத்தொழில் செய்பவருக்கு இது புதுமையாகத் தோன்றாது. எம்மிடையேயும், மாடு கலைத்த கையோடு உழவு இயந்திரத்தில் ஏறிய சிறுவர்கள் எத்தனை பேர்!

ஆனால் இதற்குக் கொடுக்கும் விலை பெரிது. பல பத்தாண்டுகளாக அமெரிக்கப் பதின்வயதினரின் மரணத்துக்கு முதற் காரணமாக வாகன விபத்தே இருந்துவந்தது. அண்மைக் காலத்தில், ஏறத்தாழ 2020 முதல், துப்பாக்கிச் சூடு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது; வாகன விபத்து குறைந்துபோனதால் நேர்ந்த மாற்றமல்ல இது. ஓடும் ஒவ்வொரு மைலுக்கும் கணக்கிட்டால், 16 முதல் 19 வயது வரையான சாரதிகள் உயிர்ச்சேத விபத்துக்கு உள்ளாகும் வீதம், 20 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுடையதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்காகும். அதிலும் மிக ஆபத்தானவை, அனுமதிப் பத்திரம் பெற்றுத் தனியே ஓடத் தொடங்கும் முதற் சில மாதங்களே.

அங்கு பாடசாலைகளிலேயே வாகனம் ஓட்டப் பழக்கும் வழக்கம் 1930களில் தொடங்கியது. சட்டங்கள், சைகைகள், வாகனத்தை ஒழுங்காகத் தரித்தல் ஆகியவை அங்கு கற்பிக்கப்படுகின்றன. பரீட்சையும் இவற்றையே சோதிக்கின்றது. குறை எங்கே என்றால், பிள்ளை தன் முழுப் பலத்தையும் கொடுத்துப் பிரேக்கை ஒரு தடவையேனும் அழுத்தாமலே பரீட்சையில் தேறிவிடலாம். ரயர் வழுக்கும்போது வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்பதை அவன் கண்டதில்லை. அதை அவன் முதன்முதலாகக் காணும் இடம், மழை நாளில் எதிரே லொறி வரும் வீதியாக இருந்துவிடுகின்றது. இந்த முதல் அனுபவத்தை வீதியிலிருந்து வெறும் மைதானத்துக்கு மாற்றிவிடுவதுதான் தொண்டர்களின் நோக்கம்.

யார் இந்தத் தொண்டர்கள்?

கார்க் கழகம் என்றால் பணக்காரரின் பொழுதுபோக்கு என்றுதான் எமக்குத் தோன்றும். ஓரளவுக்கு அது உண்மையும்கூட. ஓய்வு நாட்களில் வெறுமையான வாகனத் தரிப்பிடமொன்றில் செம்மஞ்சள் கூம்புகளை நட்டு, அவற்றுக்கிடையே வளைந்து வளைந்து யார் குறைந்த நேரத்தில் ஓடி முடிக்கிறார் என்று போட்டி வைப்பது இக்கழகத்தினரின் விளையாட்டு. அவர்கள் தொழில்முறைப் பந்தயக்காரர் அல்லர். வார நாட்களில் வெவ்வேறு தொழில் செய்பவர்கள். ஆனால் இந்த விளையாட்டினால் அவர்களுக்கு ஓர் அறிவு சேர்ந்தது: வண்டி எந்தக் கட்டத்தில் கட்டுப்பாட்டை இழக்கும் என்பதை அவர்கள் நூறு தடவை பார்த்திருக்கிறார்கள். அந்த அறிவைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முன்வந்தமைதான் இங்கு போற்றத்தக்கது.

இவற்றுள் பரவலாக அறியப்பட்டது ‘ஸ்றீற் சர்வைவல்’ என்னும் திட்டம். வீதியில் உயிர் தப்புதல் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். அமெரிக்க பி.எம்.டபிள்யூ கார்க் கழகத்தினர் 2002 இல் நிறுவிய அறக்கட்டளை இதனை நடத்துகின்றது. 1944 இல் தொடங்கப்பட்ட அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார்க் கழகம் போன்ற பிற கழகங்களின் அங்கத்தவர்களும் தத்தம் ஊர்களில் கைகொடுக்கின்றனர். ரயர் விற்கும் நிறுவனமொன்று ஆதரவு வழங்குகின்றது. 15 முதல் 21 வயது வரையானோர் ஒரு கட்டணம் செலுத்திச் சேரலாம். பயிற்றுநர்கள் சம்பளம் வாங்குவதில்லை.

இன்னொரு முயற்சி ஒரு தகப்பனின் துயரத்திலிருந்து பிறந்தது. டக் ஹேர்பேட் என்பவர் அமெரிக்காவில் பெயர்பெற்ற கார்ப் பந்தய வீரர். வட கரோலினா மாநிலத்தில் 2008 சனவரியில் நிகழ்ந்த விபத்தொன்றில் அவருடைய மகன்மார் இருவரும் உயிரிழந்தனர். மூத்தவனுக்கு 17 வயது, இளையவனுக்கு 12. காரை ஓட்டியவன் மூத்தவன். அவ்வாண்டிலேயே தகப்பன் ‘பிறேக்ஸ்’ என்ற பெயரில் இளம் சாரதிகளுக்கான பயிற்சியைத் தொடங்கினார். பெற்றாரில் ஒருவராவது பிள்ளையுடன் வந்து பங்குபற்ற வேண்டும் என்பது அங்கு விதி. மிக நல்ல விதி என்றே சொல்ல வேண்டும். அதற்கான காரணம் பின்னர் வரும்.

காலையில் நடப்பது

பயிற்சிக்குப் பிள்ளை தான் அன்றாடம் ஓட்டும் வண்டியையே கொண்டுவர வேண்டும். பயிற்சிக்கென்று திறமான கார் ஒன்றைக் கொடுத்தால், அந்தக் காரின் குணத்தை அவன் பழகுவான். திரும்பிப் போவதோ வீட்டிலுள்ள பழைய வண்டியில். மேலும், வீட்டிலுள்ள கார்களில் மிகப் பழையதும் சிறியதுமே அனுபவம் குறைந்த பிள்ளையின் கைக்குப் போவது அங்கும் வழக்கம்.

முதல் வேலை காரை வெறுமையாக்குவது. போத்தல், புத்தகம், சப்பாத்து, பந்து எல்லாம் வெளியே வைக்கப்படுகின்றன. ஆசனத்தின் கீழே உருளும் ஒரு தண்ணீர்ப் போத்தல் பிரேக் மிதியின் அடியிற் போய்ச் சிக்கினால் பிரேக் பிடிக்காது. பிறகு ரயரின் காற்றையும் தேய்மானத்தையும் பார்க்கின்றனர். கார் முழுவதும் வீதியைத் தொட்டுக்கொண்டிருப்பது நான்கே நான்கு இடங்களில். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு. திருப்புவது, நிறுத்துவது, ஓட்டுவது எல்லாம் அந்த நான்கு உள்ளங்கைகளின் பிடியிலேயே தங்கியிருக்கின்றன. இதைப் பிள்ளைகள் விளங்கிக்கொண்டால் மீதிப் பாடம் இலகுவாகிவிடும்.

அடுத்தது அமரும் முறை. இளைஞர்கள் பலர் சாய்மனைக் கதிரையில் இருப்பதுபோல ஆசனத்தைப் பின்னே சாய்த்து, ஒரு கையால் ஸ்ரியரிங்கைப் பிடித்து ஓட்டுவார்கள். தோள் ஆசனத்தில் ஒட்டியிருக்கும்போதே மணிக்கட்டு ஸ்ரியரிங்கின் உச்சியைத் தொட வேண்டும்; பிரேக்கை முழுவதும் அழுத்திய பின்பும் முழங்கால் சற்று மடிந்திருக்க வேண்டும். முன்பெல்லாம் மணிக்கூட்டின் பத்துக்கும் இரண்டுக்கும் கையை வைக்கச் சொல்வார்கள். இப்போது ஒன்பதுக்கும் மூன்றுக்கும் வைக்கச் சொல்கின்றனர். ஸ்ரியரிங்கின் நடுவிலிருக்கும் காற்றுப்பை விபத்தின்போது வெடித்து விரியும்; கை மேலே இருந்தால் அது கையை முகத்திலேயே அடித்துவிடும். சில முகாம்களில் காற்றுப்பை ஒன்றை உண்மையாகவே வெடிக்கவைத்துக் காட்டுகிறார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிள்ளை, பிறகு முன்பக்கத்தில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு இருக்கமாட்டாது.

பெரிய லொறி ஒன்றையும் கொண்டுவந்து நிறுத்தி, பிள்ளைகளைச் சாரதி ஆசனத்தில் ஏற்றுவதுண்டு. லொறிக்குப் பக்கத்திலும் பின்னாலும் நிற்கும் கார்கள் அங்கிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியா. லொறிச் சாரதியின் முகத்தை அவருடைய கண்ணாடியில் உம்மாற் காண முடியாவிட்டால் அவராலும் உம்மைக் காண முடியாது என்ற விதி, அந்த ஆசனத்தில் ஒரு நிமிடம் இருந்தவுடன் விளங்கிவிடும்.

மைதானத்தில்

பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி வகுப்பில் இருக்க மறுபாதி மைதானத்தில் ஓட்டுகின்றது, பின்னர் மாறிக்கொள்கின்றனர். ஒவ்வொரு காரிலும் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு பயிற்றுநர் அமர்ந்திருப்பார். வேகம் பெரும்பாலும் மணிக்கு 60 கிலோமீற்றரைத் தாண்டுவதில்லை. வண்டியின் குணத்தை அறிய அதுவே போதுமானது.

பிரேக்கிலிருந்து தொடங்குவோம். குறித்த கூம்பு வந்ததும் முழுப் பலத்துடன் மிதிக்கும்படி சொன்னால், பல பிள்ளைகள் முதல் தடவை அரைவாசிக்குத்தான் மிதிப்பார்கள். இக்காலக் கார்களில் ஏ.பி.எஸ். என்னும் ஏற்பாடு உண்டு. சில்லு பூட்டிக்கொண்டு வழுக்காதபடி அது பிரேக்கை ஒரு வினாடியில் பல தடவை விட்டு விட்டுப் பிடிக்கும். அப்போது காலுக்குக் கீழே மிதி நடுங்கும், ‘கடகட’ என்று சத்தம் கேட்கும். ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து பிள்ளை காலை எடுத்துவிடுகிறது. உண்மையான ஆபத்திலும் அப்படியே காலை எடுத்தால் முடிவு என்னவாகும்? நடுக்கம் வந்தாலும் காலை எடுக்காமல் அழுத்தியபடியே வண்டியைத் திருப்பலாம் என்பதை மூன்று, நான்கு தடவை செய்து பழகுகின்றனர். இந்தப் பாடம் ஒன்றுக்காகவே ஒரு நாளைச் செலவிடலாம் என்பது எனது எண்ணம்.

வேகத்தின் கணக்கும் இங்கேதான் புரிகின்றது. நல்ல ரயரும் காய்ந்த தார் வீதியும் இருக்க, மணிக்கு 50 கிலோமீற்றரில் வரும் கார் நிற்பதற்கு ஏறத்தாழ 35 மீற்றர் வேண்டும். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்கு ஒன்றரை வினாடி சென்றால், அதற்குள் வண்டி 21 மீற்றர் ஓடிவிடும். பிரேக் பிடித்த பின் ஓடுவது மற்ற 14 மீற்றர். வேகத்தை 100 ஆக்கினால் 70 மீற்றர் போதுமென்றுதான் எவரும் நினைப்பர். அப்படியல்ல. கால் போகும் நேரத்தில் ஓடுவது 42 மீற்றர். பிரேக் பிடித்த பின் ஓடுவது இரு மடங்கல்ல, நான்கு மடங்கு, அதாவது 56 மீற்றர். மொத்தம் 98. வீதி நனைந்திருந்தால் இன்னும் கூடும். இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் பிள்ளை தலையாட்டும். மைதானத்தில், தான் நிற்கலாம் என்று நினைத்த கூம்பைத் தாண்டி வண்டி போய் நிற்கும்போது தலையாட்டுவதற்கு ஒன்றுமில்லை.

அடுத்தது வழுக்கல். மைதானத்தில் ஒரு பெரிய வட்டம் வரைந்து, பவுசரிலிருந்து தண்ணீர் விட்டு நனைத்து, அதைச் சுற்றி ஓடவிடுகின்றனர். சிறு வேகத்திலேயே வண்டி தன் போக்கிற் போகத் தொடங்கும். இதில் இரண்டு வகை உண்டு. முன்சில்லுகள் பிடியை இழந்தால், எவ்வளவு திருப்பினாலும் வண்டி திரும்பாமல் வட்டத்துக்கு வெளியே நேராகப் போகும். அந்த வேளையில் பிள்ளை செய்வது ஸ்ரியரிங்கை இன்னும் இன்னும் முறுக்குவது. செய்ய வேண்டியதோ அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்து, முறுக்கியதைச் சற்றுத் தளர்த்தி, முன்சில்லு மீண்டும் நிலத்தைப் பிடிக்க இடம் கொடுப்பது. பின்சில்லுகள் பிடியை இழந்தால் வண்டியின் வால் வெளியே வீசும். அப்போது வால் போகும் பக்கத்துக்கே ஸ்ரியரிங்கைத் திருப்ப வேண்டும். சறுக்கலான கிறவல் வீதியில் சைக்கிளின் பின்சில்லு ஒருபக்கம் இழுத்த அனுபவம் உள்ளவருக்கு இது உடனே விளங்கும்.

இரண்டு வகைக்கும் பொதுவான ஒரு பாடம் கண்ணைப் பற்றியது. பயந்த மனிதன் தான் மோதப்போகும் மரத்தையே பார்ப்பான். கை கண்ணைப் பின்பற்றும். வண்டி மரத்துக்கே போகும். போக வேண்டிய வெளியைப் பார்க்கும்படி பயிற்றுநர் அன்று முழுவதும் சொல்லிக்கொண்டேயிருப்பார். சொல்லித் தொண்டை கட்டிவிடும் என்பதில் ஐயமில்லை.

கூம்புகளுக்கிடையே நெளிந்து ஓடுவது, முன்னால் திடீரெனத் தடை வந்தால் பக்கத்துக்கு விலகி மீண்டும் தன் பாதைக்கு வருவது போன்ற பயிற்சிகளும் உண்டு. கைத்தொலைபேசியில் செய்தி எழுதியபடியே ஓட்டச் சொல்லும் முகாம்களும் உள்ளன. கூம்புகள் சரிந்து விழும். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

தேர்ச்சியா, மயக்கமா?

இதுவரை படித்தவர்கள், இப்படியொரு பயிற்சியை எல்லா நாட்டிலும் கட்டாயமாக்கினால் என்ன என்று கேட்கலாம். ஒரு நாடு அதைச் செய்தும் பார்த்தது. நோர்வே 1979 இல் புதிய சாரதிகளுக்கு வழுக்கு வீதிப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. பனியும் பனிக்கட்டியும் நிறைந்த நாடு, பயிற்சியோ நியாயமானது. பின்னர் ஆராய்ந்தபோது, இளம் ஆண் சாரதிகள் வழுக்கு வீதியில் அடைந்த விபத்துகள் குறையவில்லை, கூடியிருந்தன.

காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. பயிற்சி பெற்றவன் தன்னை வல்லவனாக நினைத்தான். முன்பு பனி பெய்தால் மெதுவாகப் போனவன், இப்போது எனக்குத்தான் தெரியுமே என்று வேகமாகப் போனான். சுவீடனில் கிறெகெர்சன் என்ற ஆய்வாளர் 1996 இல் வெளியிட்ட சோதனை இதை இன்னும் தெளிவாகக் காட்டியது. இளைஞர்களை இரு குழுவாக்கி, ஒரு குழுவுக்குப் பிரேக் பிடிப்பதிலும் தடையை விலத்துவதிலும் முடிந்தவரை திறமை வரும்படி பழக்கினார்கள். மற்றக் குழுவுக்கு, திறமையை நம்பியிருக்க முடியாது, எதுவும் எதிர்பாராமல் நடக்கலாம் என்பதை உணரும்படி பழக்கினார்கள். சில நாட்கள் கழித்துச் சோதித்தபோது இரு குழுவினரின் உண்மைத் திறமையில் வேறுபாடு காணப்படவில்லை. ஆனால், தாங்கள் எவ்வளவு திறமைசாலிகள் என்று கேட்டதற்கு முதற் குழுவினர் தங்களைக் கூடுதலாக மதிப்பிட்டனர். அனுமதிப் பத்திரம் பெற்றபின் கொடுக்கப்படும் பயிற்சிகள் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த கொக்றேன் ஆய்வுக் குழுவினரும், அவை விபத்தைக் குறைக்கின்றன என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றே கூறினர்.

ஆகவே தொண்டர்களின் உழைப்பு வீண் என்று தள்ளிவிடலாமா? நான் அப்படி எண்ணவில்லை. ஒரே மைதானம், அதே தண்ணீர், அதே கூம்பு. எதைக் கற்பிக்கிறோம் என்பதில்தான் வேறுபாடு. வழுக்கிய வண்டியை மீட்டுவிட்டாய், கெட்டிக்காரன் என்று தட்டிக்கொடுத்து அனுப்பினால் நோர்வேயில் நடந்ததே நடக்கும். நல்ல பயிற்றுநர், பிள்ளை ஒரு பயிற்சியைச் சரியாகச் செய்து முடித்ததும் அதையே சற்றுக் கூடிய வேகத்தில் செய்யச் சொல்வார். கூம்புகள் சிதறும். ‘பார்த்தாயா தம்பி, கொஞ்ச வேகந்தான் கூடியது’ என்ற தொனியில் அவர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு, மீட்டெடுத்த பத்துத் தடவையைவிடப் பெறுமதி அதிகம். பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியது அந்தத் தோல்வியைத்தான்.

இன்னொன்றும் மாறிவிட்டது. வண்டி வழுக்கத் தொடங்கினால் தானாகவே தனித்தனிச் சில்லுகளுக்குப் பிரேக் கொடுத்து நேராக்கும் இலத்திரனியல் ஏற்பாடு, 2012 ஆம் ஆண்டு வகை முதல் அமெரிக்காவில் விற்கப்படும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. இது பல உயிர்களைக் காத்துள்ளது. எனவே வழுக்கலை மீட்கும் வித்தையின் தேவை முன்பைவிடக் குறைந்திருக்கின்றது. குறையாமல் இருப்பது தூரப் பார்க்கும் பழக்கம், முன்னால் போகும் வாகனத்துக்கு விடும் இடைவெளி, ஆபத்தை முன்கூட்டியே மணந்தறியும் அறிவு ஆகியவையே. புதிய சாரதியிடம் இல்லாதது கைவேகமல்ல, இந்த அறிவுதான். அதை ஒரு நாளில் ஊட்ட முடியாது.

பெற்றாரின் பங்கு

நீண்ட கால அனுபவத்தைச் சிறுகச் சிறுகச் சேர்ப்பதற்காகவே படிமுறை அனுமதிப் பத்திரம் என்ற ஒழுங்கு வந்தது. நியூசிலாந்து 1987 இல் இதை முதலிற் கொண்டுவந்தது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1994 இலும், அமெரிக்காவின் புளோரிடாவில் 1996 இலும் நடைமுறைக்கு வந்தது. எமது உறவினர் அதிகம் வாழும் ரொறன்ரோ நகரம் ஒன்ராறியோவில் இருப்பதால் அதன் விதிகளை அறிந்துவைப்பது நல்லது. 16 வயதில் முதற் படி. இப்படியில் உள்ளவர், குறைந்தது நான்கு ஆண்டு அனுபவமுள்ள சாரதி பக்கத்தில் இல்லாமல் ஓடக்கூடாது. நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஓடவே கூடாது. பெரு நெடுஞ்சாலைகளில் ஏறக்கூடாது. மது ஒரு துளியும் ஆகாது. இரண்டாம் படியில் தனியே ஓடலாம். ஆனால் 19 வயதும் அதற்குக் குறைந்தவர்களும் முதல் ஆறு மாதத்தில், நள்ளிரவுக்குப் பின் தம் வயதையொத்தவர் ஒருவருக்கு மேல் ஏற்றக்கூடாது. உடன்பிறந்தோர் போன்ற நெருங்கிய குடும்பத்தினருக்கு விலக்கு உண்டு.

சிநேகிதர்களை ஏற்றுவதில் என்ன குற்றம் என்று பிள்ளை கேட்கும். இளம் சாரதியின் வண்டியில் சம வயதினர் ஒருவர் ஏறினாலே ஆபத்துக் கூடுகின்றது; இன்னும் ஏற ஏற அதுவும் ஏறுகின்றது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தாலோ குறைகின்றது. இத்தகைய விதிகள் கடுமையாக உள்ள இடங்களில் இளையோரின் விபத்து மரணங்கள் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. கலிபோர்னியாவில், பிள்ளை பரீட்சைக்குப் போகுமுன் பெரியவர் ஒருவருடன் 50 மணி நேரம் ஓடியிருக்க வேண்டும். அதில் 10 மணி நேரம் இரவில். பயிற்சிக்குப் பெற்றாரும் வரவேண்டும் என்ற விதியை நல்ல விதி என்று முன்பு சொன்னதற்குக் காரணம் இதுவே. முகாம் முடிந்து பிள்ளை வீடு திரும்பிய பின்னர், அடுத்த பல மாதங்களுக்குப் பயிற்றுநராக இருக்கப்போவது தாயும் தகப்பனுமே. காலை முதல் மாலை வரை கூடாரத்தின் கீழ் தேநீர் குடித்துக்கொண்டு நின்ற பெற்றாரால் அந்த வேலையைச் செய்ய முடியாது.

வெளிநாட்டிலுள்ள சகோதரியோ மைத்துனரோ தம் மகனை இப்படியொரு முகாமுக்கு அனுப்பியதாகச் சொன்னால், நல்லதென்று சொல்லுங்கள். இனி இரவில் எங்கும் ஓடலாம், கூட்டாளிகளை ஏற்றலாம் என்று அவன் கேட்டால், பயிற்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதையும் சொல்லுங்கள்.

எங்கள் வண்டிகள்

இதைப் படித்துவிட்டு எவரும் மோட்டார் சைக்கிளில் வழுக்கிப் பார்க்கச் சொல்லிப் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பிவிட வேண்டாம். நான்கு சில்லு வண்டி வழுக்கினால் சுழலும். இரண்டு சில்லு வண்டி விழும். மோட்டார் சைக்கிளில் பழக வேண்டியது, காய்ந்த சுத்தமான நிலத்தில், நேராக, சிறு வேகத்தில், தலைக்கவசத்துடன் இரண்டு பிரேக்கையும் படிப்படியாக இறுக்கி நிறுத்துவதே.

உழவு இயந்திரங்களுக்கும் சொற்கேளாத வேளைகள் உண்டு. பெரிய உழவு இயந்திரத்தில் இடது, வலது சில்லுகளுக்கு வெவ்வேறு பிரேக் மிதிகள் இருக்கும். வயலில் சுருக்கமாகத் திருப்புவதற்கு அது வசதி. வீதிக்கு ஏறுமுன் இரண்டு மிதிகளையும் கொளுக்கியால் ஒன்றாகப் பூட்டாவிட்டால், அவசரத்தில் ஒன்றை மட்டும் மிதித்ததும் இயந்திரம் ஒருபக்கம் வெட்டி இழுத்துப் பெட்டியோடு சரியும். லாண்ட்மாஸ்டரில் வேறொரு பொறி இருக்கின்றது. சம நிலத்தில் இடது கைப்பிடியிலுள்ள கிளச்சை அழுத்தினால் இடப்பக்கம் திரும்பும். குளக்கட்டு இறக்கம் போன்ற இடத்தில், பெட்டியில் பாரத்துடன் இறங்கும்போது அதையே செய்தால் வலப்பக்கம் திரும்பும். கிளச் விடுபட்ட இடது சில்லு இயந்திரத்தின் பிடியிலிருந்து விலகி, பாரம் தள்ள வேகமாக உருளுவதே காரணம். பழகிய கமக்காரருக்கு இது தெரியும். நேற்று ஏறிய பொடியனுக்குத் தெரியாது. இறக்கத்துக்கு முன்பே சிறு கியருக்கு மாற்றி, கிளச்சைத் தொடாமல் கைப்பிடியால் திருப்பி இறங்க வேண்டும் என்பதைப் பாரமில்லாத வெறும் பெட்டியுடன், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று பழக்குவது கடினமான காரியமல்ல.

காரும் பவுசரும் இல்லாமலே செய்யக்கூடிய சிறு பயிற்சி ஒன்றும் உண்டு. வாலிபர் கழகமோ மாதர் சங்கமோ பாடசாலை மைதானத்தில் ஒரு மாலைப் பொழுதில் நடத்தலாம். வேண்டியது ஒரு நல்ல சைக்கிள், சுண்ணாம்பு, அளவு நாடா, சில கற்கள். கோடு ஒன்றைக் கீறி, அக்கோட்டில் பிரேக் பிடித்தால் எங்கே நிற்பாய் என்று பிள்ளையிடம் முதலிற் கேட்டு, அவன் காட்டும் இடத்தில் ஒரு கல்லை வைக்க வேண்டும். மெதுவாக வந்து ஒரு தடவை, அதன் இரு மடங்கு வேகத்தில் இன்னொரு தடவை, பிறகு நிலத்தை நனைத்து ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் கல்லைப் பிள்ளையே வைக்கட்டும். சைக்கிள் நின்ற இடத்துக்கும் கல்லுக்கும் இடையே எத்தனை அடி என்பதை அளந்து, பெயருக்கு நேரே எழுதிக்கொள்ளலாம்.